குரங்குக் காய்ச்சலில் குரங்கின் பங்கு எவ்வளவு? காட்டு விலங்குகளும் உண்ணி நோய்களும்

1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. அதே பருவத்தில் காட்டையொட்டிய ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு முதலில் எழுந்த பயம், ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதுதான். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்தபோது அது அதுவரை அறியப்படாத வேறொரு வைரஸ் என்பதும், அதைப் பரப்புவது கொசு அல்ல, காட்டு உண்ணி என்பதும் தெரிந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். ஊரார் அதைக் குரங்குக் காய்ச்சல் என்றார்கள்.

ஊரார் வைத்த பெயரால் பழி முழுவதும் குரங்கின் மேல் விழுந்துவிட்டது. குரங்கை விரட்டினால் நோய் போய்விடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்ணி பரப்பும் நோய்களில் விலங்குகளின் பங்கு அவ்வளவு நேரானதல்ல. ஒரு விலங்கு உண்ணிகளைப் பெருக்கும், ஆனால் கிருமியைப் பரப்பாது. இன்னொன்று கிருமியைப் பல மடங்காக்கும், ஆனால் உண்ணிகளின் மொத்த எண்ணிக்கையில் அதன் பங்கு சிறிது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

உண்ணிக்கு மூன்று சாப்பாடு

கியாசனூர் நோயை மனிதருக்குக் கொண்டுவருவதில் முதலிடம் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணிக்கு. முட்டையிலிருந்து வெளிவந்த பிறகு அதற்கு மூன்று பருவங்கள்: ஆறு கால்களோடு இருக்கும் லார்வா, எட்டுக் கால் முளைத்த நிம்ஃப், முதிர்ந்த உண்ணி. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒருமுறை, ஒரு விலங்கின் மேல் ஏறிச் சில நாட்கள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்ததும் கீழே உதிர்ந்து, சருகுக்குள் கிடந்து தோலுரித்து, அடுத்த பருவத்துக்கு மாறி, வேறொரு விலங்குக்காகக் காத்திருக்கும். வாழ்நாள் முழுவதுக்கும் மூன்று சாப்பாடு, மூன்றும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு விலங்குகளிடம்.

இது மழையை ஒட்டி நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், ஜூன் முதல், முதிர்ந்த உண்ணிகள் வெளிவந்து மாடு, கடமான், காட்டெருது போன்ற பெரிய உடம்புகளைத் தேடும். ரத்தம் குடித்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். மழை ஓயும் காலத்தில் லார்வாக்கள் பொரிந்து, சருகிலும் புல் நுனியிலும் கூட்டம் கூட்டமாகத் தொற்றிக்கொண்டு நிற்கும். எலி, மூஞ்சூறு, அணில், தரையில் இரை தேடும் பறவைகள், கீழே இறங்கி நடமாடும் குரங்குகள் ஆகியவற்றின் மேல் ஏறும். அங்கே குடித்த லார்வா நிம்ஃப் ஆகி, ஏறத்தாழ நவம்பரிலிருந்து மே வரை காட்டுத் தரையில் நிறைந்திருக்கும். மனிதரைக் கடிப்பது முக்கியமாக இந்த நிம்ஃப்தான். அளவில் எள்ளைவிடப் பெரிதல்ல. கடிப்பது வலிக்காது, கணுக்காலில் ஒட்டியிருந்தால் அழுக்குப் புள்ளி என்று விட்டுவிடுவோம். மனித நோயாளிகள் டிசம்பரிலிருந்து மே வரை வருவதற்குக் காரணம் இதுதான். விறகு, சருகு, தேன், நெல்லி என்று மக்கள் காட்டுக்குள் அதிகம் போவதும் அதே வறண்ட மாதங்களில்தான்.

பெரும்பாலான லார்வாக்கள் பிறக்கும்போது வைரஸோடு பிறப்பதில்லை. முதல் சாப்பாட்டில் நோயுற்ற விலங்கின் ரத்தத்தைக் குடித்தால்தான் வைரஸ் உள்ளே போகிறது. உள்ளே போனது தோலுரித்த பிறகும் அழியாமல் நிம்ஃபின் உடம்பில் தங்கிவிடும். ஆகவே இந்த மார்ச் மாதத்தில் காட்டுக்குள் போகும் ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்பது, சில மாதங்களுக்கு முன் அங்கிருந்த லார்வாக்கள் எந்த விலங்கின் ரத்தத்தைக் குடித்தன என்பதைப் பொறுத்தது.

ஒவ்வொரு விலங்கிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு விலங்கு இந்த நோய்ச் சுழலில் என்ன செய்கிறது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். அது எத்தனை உண்ணிகளுக்குச் சோறு போடுகிறது? தன்னைக் கடிக்கும் உண்ணிக்குக் கிருமியை ஏற்றிவிடுகிறதா? உண்ணியை மனிதர் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவருகிறதா?

மாட்டை எடுத்துக்கொள்வோம். காட்டில் மேயவிடும் மாடு முதல் கேள்வியில் முன்னணியில் நிற்கிறது. முதிர்ந்த உண்ணிகள் ஏராளமாக அதன்மேல் ஏறுகின்றன, அத்தனை பெண் உண்ணிகளும் முட்டையிடுகின்றன. ஆனால் மாட்டின் ரத்தத்தில் இந்த வைரஸ் உண்ணிக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை ஏறக்குறைய “இல்லை” என்பதே. மூன்றாவதற்கு ஆம்: காலையில் காட்டுக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் மாடு, உண்ணிகளை மேய்ச்சல் பாதையிலும் தொழுவத்தருகிலும் உதிர்த்துக்கொண்டே வருகிறது. நோயைத் தராத ஒரு பிராணி நோயின் அளவைக் கூட்டுவது இப்படித்தான்.

எலி, மூஞ்சூறு, அணில் போன்ற சிற்றுயிர்கள் லார்வாக்களுக்கும் நிம்ஃப்களுக்கும் சோறு போடுகின்றன. இவற்றில் பல வைரஸ் தொற்றினாலும் சாவதில்லை. குரங்குகள் சாகாத ஆண்டுகளிலும் வைரஸ் காட்டுக்குள் அணையாமல் இருப்பதற்கு இவையே காரணம் என்று கருதப்படுகிறது. யார் கண்ணிலும் படாமல் இது நடப்பதால், பேச்சிலும் செய்தியிலும் இவற்றுக்கு இடமே கிடைப்பதில்லை.

குரங்குக்கு வருவோம். இங்கே சிக்குவது முக்கியமாக இரண்டு வகை: சாம்பல் மந்தியும், நாம் ஊரெங்கும் பார்க்கும் நாட்டுக்குரங்கும். வைரஸ் தொற்றிய குரங்கின் ரத்தத்தில் அது பல நாட்களுக்கு மிக அதிக அளவில் இருக்கும். அந்த நாட்களில் அதன்மேல் இருக்கும் லார்வாக்களும் நிம்ஃப்களும் வைரஸை வாங்கிக்கொள்கின்றன. நோய் முற்றிய குரங்கு கூட்டத்தோடு மரம் தாவ முடியாமல் ஓரிடத்தில் சுருண்டு கிடக்கும். செத்து உடம்பு குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் அந்த உடலை விட்டு இறங்கிவிடும். விளைவாக, சில பத்து மீட்டர் சுற்றளவுக்குள் வைரஸ் ஏறிய உண்ணிகள் குவிந்த ஒரு வட்டம் உருவாகிறது. உடல் மக்கிப் போன பிறகும் அந்த வட்டம் ஆபத்தாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே உதிர்ந்த லார்வாக்கள் தோலுரித்துப் பசியோடு எழ நாட்கள் ஆகும்.

ஆக, குரங்கு இந்த நோயின் நிரந்தர இருப்பிடம் அல்ல. வைரஸை ஓரிடத்தில் குறுகிய காலத்துக்குப் பெருக்கிவிடும் விலங்கு அது. கூடவே, மனிதருக்கு முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கையும் அதுதான். குரங்கைக் கொல்வதும் விரட்டுவதும் ஏன் வீண் என்பது இங்கே விளங்கும்: விரட்டப்பட்ட கூட்டம் தன் உடம்பிலிருக்கும் உண்ணிகளோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும், வைரஸோ எலிகளிடம் பத்திரமாக இருக்கும், நமக்கு எச்சரிக்கை தர மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள்.

மனிதர் இந்தச் சுழலில் முட்டுச்சந்து. நம்மைக் கடித்த உண்ணி வழியாக வைரஸ் திரும்பக் காட்டுக்குப் போவதில்லை. நோயாளியிடமிருந்து வீட்டில் மற்றவருக்கும் தொற்றுவதில்லை. இதைத் தெரியாமல் நோயாளியின் குடும்பத்தை ஒதுக்கி வைக்கும் ஊர்கள் உண்டு. அது அநியாயம்.

எத்தனை உண்ணி, அதில் எத்தனைக்குக் கிருமி

ஆய்வாளர்கள் காட்டில் உண்ணியை எண்ணும் முறை எளியது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல வெள்ளைக் கம்பளித் துணியைக் கழியில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். விலங்கு வந்துவிட்டது என்று உண்ணிகள் துணியைப் பற்றிக்கொள்ளும். சில மீட்டருக்கு ஒருமுறை துணியைத் திருப்பி, இடுக்கியால் பொறுக்கிக் குப்பியில் போட்டு, ஆய்வகத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் இரண்டு எண்கள் கிடைக்கின்றன: குறிப்பிட்ட பரப்பில் எத்தனை நிம்ஃப், அவற்றில் எத்தனை சதவீதத்துக்குக் கிருமி. மனிதருக்கான ஆபத்து இவ்விரண்டின் பெருக்கல். கற்பனையாக ஒரு கணக்கு: முதல் காட்டில் 100 சதுர மீட்டருக்கு 20 நிம்ஃப், 10 சதவீதத்துக்குக் கிருமி என்றால் கிருமியுள்ளவை 2. இரண்டாவது காட்டில் 5 நிம்ஃப்தான், ஆனால் 40 சதவீதத்துக்குக் கிருமி என்றால் அங்கேயும் 2. ஆபத்து ஒன்றே. பெரிய மேய்விலங்குகள் பெருகினால் முதல் எண் ஏறலாம், அதே சமயம் உண்ணிகளில் ஒரு பகுதி கிருமி தராத ரத்தத்தைக் குடிப்பதால் இரண்டாவது எண் இறங்கலாம். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு “காட்டு விலங்கு அதிகரித்ததால் நோய்” என்றோ “குறைந்ததால் நோய்” என்றோ முடிவு சொல்லும் செய்திகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் மானும் எலியும்

இந்தக் கணக்கு மிக நுணுக்கமாகப் பார்க்கப்பட்டிருப்பது அமெரிக்காவின் வடகிழக்கில், லைம் நோயை வைத்து. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் பகுதியில் குழந்தைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீக்கம் கண்டதால் கவனத்துக்கு வந்த நோய் இது. இதற்குக் காரணம் பொரேலியா என்ற பாக்டீரியா, பரப்புவது கருங்கால் உண்ணி. அங்கே மாட்டின் இடத்தில் வெள்ளைவால் மான் நிற்கிறது: முதிர்ந்த உண்ணிகளுக்குச் சோறு போடும், கிருமியை ஏற்றாது. கிருமியை ஏற்றுவதில் முதலிடம் வெள்ளைக்கால் சுண்டெலிக்கு.

அங்குள்ள ஓக் மரங்கள் சில ஆண்டுகளில் மட்டும் கொட்டைகளை அள்ளிக் கொட்டும். அப்படிக் காய்த்த இலையுதிர் காலத்துக்கு அடுத்த கோடையில் சுண்டெலி பெருகும். அந்தக் கோடையின் லார்வாக்கள் சுண்டெலிகளைக் கடித்துக் கிருமியை வாங்கும். அதற்கும் அடுத்த ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் அவை நிம்ஃபாகி மனிதரைக் கடிக்கும். அதாவது மரம் காய்த்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து மருத்துவமனையில் கூட்டம். நியூயார்க் மாநிலக் காடுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணி இந்தத் தொடர்பைக் காட்டினார்கள்.

மானைக் குறைத்தால்? மெய்ன் மாநிலத்தின் மொன்ஹெகன் என்ற சிறு தீவில் 1990களின் பிற்பகுதியில் மான்களை முற்றாக அகற்றினார்கள். சில ஆண்டுகளில் உண்ணிகள் மிகவும் அருகிவிட்டன. ஆனால் அது தீவு, வெளியிலிருந்து மான் வராது. பெருநிலத்தில் பாதி மான்களைச் சுட்ட இடங்களில் பலன் தெளிவாக இல்லை. மிச்சமிருக்கும் மான்கள் ஒவ்வொன்றின் மேலும் இன்னும் அதிக உண்ணிகள் ஏறிக்கொள்கின்றன.

பலவகை விலங்குகள் இருந்தால் உண்ணிகளின் கடி கிருமி தராத விலங்குகளிடமும் பகிரப்பட்டு நோய் குறையும் என்ற கருத்து பரவலாகச் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அது பொருந்துகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் வேலி ஓணான் நல்ல சான்று. அதன் ரத்தம் லைம் கிருமியை அழித்துவிடும். அப்படியானால் ஓணானை அகற்றினால் ஆபத்து கூட வேண்டும். ஆய்வுக்காகச் சில இடங்களில் ஓணான்களைப் பிடித்து அகற்றியபோது நடந்தது வேறு: ஓணான் மேல் ஏறியிருக்க வேண்டிய லார்வாக்களில் பெரும்பகுதி வேறு விலங்கைத் தேடிப்போகாமல் பட்டினியால் அழிந்தது, மொத்த உண்ணிகளே குறைந்தன. கிருமியைக் கொல்லும் அதே ஓணான்தான் உண்ணியை வளர்த்தும் விட்டிருந்தது. பல்லுயிர்களைக் காக்க ஆயிரம் நல்ல காரணங்கள் உண்டு. “நோய் தானே குறையும்” என்ற வாக்குறுதியை மட்டும் எல்லா ஊருக்கும் கொடுக்க முடியாது.

காட்டின் விளிம்பு

கியாசனூர் நோய் நீண்ட காலம் கர்நாடகத்தின் ஐந்து மாவட்டங்களுக்குள் அடங்கியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் தட்சிண கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடிப் பகுதியில், முந்திரித் தோட்டத்துக்காக இயற்கைக் காடு அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த பரவல் மிகப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 2012 இறுதியில் பந்திப்பூரில் குரங்குகள் இறந்தன, அவற்றைக் கையாண்டவர்கள் சிலருக்கு நோய் வந்தது. அதை ஒட்டி நீலகிரி மாவட்டத்திலும் இறந்த குரங்குகளில் வைரஸ் கண்டறியப்பட்டது. 2013இல் வயநாடு, பிறகு மலப்புரம், 2015இல் கோவா, 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நோய் தலைகாட்டியது. வயநாட்டில் 2015இல் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் காட்டை நம்பி வாழும் பழங்குடியினர்.

ஆழ்ந்த காட்டுக்குள் மட்டும் இந்த ஆபத்து இருப்பதில்லை. பசுமைக்காட்டின் துண்டுகள், பாக்கு, காப்பி, தேயிலைத் தோட்டங்கள், வீடுகள், நாட்டு மாடுகளின் மேய்ச்சல் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலப்பரப்பில்தான் மனித நோய் அதிகம் தென்படுகிறது. காரணம் மேலே சொன்ன மூன்று கேள்விகளிலேயே இருக்கிறது. அங்கே மாடு உண்ணியைப் பெருக்குகிறது, எலியும் குரங்கும் கிருமியை ஏற்றுகின்றன, மனிதர் தினமும் அதே சருகின் மேல் நடக்கிறார். மலைநாட்டில் பாக்குத் தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் காட்டுச் சருகைக் கூட்டி அள்ளி வருவது வழக்கம். அந்தச் சருகோடு நிம்ஃபும் வருகிறது. கூடலூர், பந்தலூர், மசினகுடிப் பக்கம் இதே போன்ற நில அமைப்பு இருப்பதால் நீலகிரியில் கண்காணிப்பு தளரக்கூடாது.

காட்டோரத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

குரங்கு இறந்து கிடந்தால் தொடவேண்டாம், கிட்டே போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம். இடத்தின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு உடையணிந்தவர்கள் மாதிரி எடுத்து, உடலை எரித்து, சுற்றிலும் மாலத்தியான் போன்ற மருந்துத் தூளைத் தூவுவார்கள். நல்லெண்ணத்தில் ஊர்க்காரர்கள் தாங்களே தூக்கிப் புதைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இறங்கிக்கொண்டிருக்கும் உண்ணிகளுக்கு நடுவில்தான் அப்போது நிற்கிறீர்கள். அந்த இடத்தை அந்தக் கோடை முழுவதும் தவிர்ப்பது நல்லது. மாடுகளையும் அங்கே ஓட்டக்கூடாது.

உண்ணிப் பருவத்தில் காட்டுக்குள் போயே ஆகவேண்டும் என்றால், வெளிர் நிற முழுக்கால் சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகியபடி. வெளிர் நிறத்தில் உண்ணி ஏறுவது கண்ணில் படும். உண்ணி தரையிலிருந்து மேலே ஏறிவருவதே வழக்கம், அதனால் பாதுகாப்பு காலிலிருந்து தொடங்கவேண்டும். சுகாதாரத் துறை தரும் டெபா அல்லது டிஎம்பி என்ற உண்ணி விரட்டும் எண்ணெயைக் கால், கை, கழுத்தில் பூசலாம். சருகின் மேல் உட்காருவதும் படுப்பதும்தான் உண்ணி ஏற மிக எளிய வழி. திரும்பியதும் துணியைச் சுடுநீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்.

ஒட்டிய உண்ணியை எடுக்க நுனி கூர்மையான இடுக்கி வேண்டும். தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேராக மேலே இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடியால் சுடுவது, விரலால் நசுக்குவது மூன்றும் தவறு. கலங்கிய உண்ணி உள்ளிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். லைம் பாக்டீரியா மனிதருக்குள் இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அங்கே மாலையில் பிடுங்கினாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். கியாசனூர் வகை வைரஸ்களிடம் அந்த அவகாசத்தை நம்ப முடியாது, அவை உண்ணியின் உமிழ்நீரிலேயே தயாராக இருக்கும். கடிபடாமல் பார்த்துக்கொள்வதே இங்கே முதல் காப்பு.

மாட்டுக்கு உண்ணி மருந்து போடுவதில் காலம் முக்கியம். ஜனவரியில் மனிதருக்குக் காய்ச்சல் வந்த பிறகு மாட்டுக்கு மருந்து போட்டால், அந்த ஆண்டின் நிம்ஃப்கள் ஏற்கெனவே தரையில் இருக்கும். மழைக்காலத்தில், முதிர்ந்த உண்ணிகள் மாட்டில் ஏறி முட்டையிடுவதற்கு முன்பே, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் போட்டால்தான் அடுத்த கோடையின் எண்ணிக்கை குறையும்.

கடிபட்ட 3 முதல் 8 நாட்களில் திடீரென்று கடும் காய்ச்சல், நெற்றிப்பக்கத் தலைவலி, அசையவிடாத உடல்வலி, கண் சிவப்பு, வாந்தி என்று தொடங்கும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்த பிறகு சிலருக்கு அது திரும்பி வந்து மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும். ஆகவே முதல் சுற்று முடிந்ததும் காட்டு வேலைக்கு ஓடவேண்டாம். நோயுற்றவர்களில் 3 முதல் 5 சதவீதம் பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு ஆகியவற்றைக் கவனித்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும் என்பதால் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. கர்நாடகத்தில் பல ஆண்டுகள் போடப்பட்ட பழைய தடுப்பூசி, இரண்டு தவணை மட்டும் போட்டவர்களுக்குப் போதிய காப்பைத் தரவில்லை. அது நிறுத்தப்பட்டு, புதிய தடுப்பூசியை உருவாக்கும் பணி நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு குழப்பம் கூடுதலாக இருக்கிறது. செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணியல்ல, அதைவிடச் சிறிய சிலந்திப்பேன் வகைப் பூச்சியின் லார்வா. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கலாம். டாக்சிசைக்ளின் கொடுத்தால் அது குணமாகும். கியாசனூர் வைரஸை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. இரண்டும் காட்டோரத்தில் வரும், தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் அவருக்கு வழி கிடைக்காது. எந்தக் காட்டுக்கு எந்த நாளில் போனீர்கள், உண்ணி ஒட்டியிருந்ததா, அந்தப் பக்கம் குரங்கு செத்ததாகக் கேள்வியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில் பிசிஆர் சோதனை வைரஸை நேரடியாகக் காட்டும். நான்கைந்து நாள் கடந்துவிட்டால் ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனையையும் சேர்க்கவேண்டும். தாமதமாக எடுத்த ரத்தத்தில் பிசிஆர் மட்டும் செய்து “இல்லை” என்று வந்தால், அதை நம்பி வீட்டுக்குப் போய்விடக்கூடாது.